தர்வேஷ் கான் தர மறுத்த படம்

1787 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் கிளம்பியது. அதில் மைசூர் திப்பு சுல்தானின் தூதர்கள் மூவர்: முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான். ஆங்கிலேயரை எதிர்க்கப் பிரெஞ்சு மன்னரின் துணை கேட்டு வரும்படி அனுப்பியிருந்தார் திப்பு. துலோன் துறைமுகத்தில் இறங்க 1788 ஜூன் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை வரவேற்றார். மரியாதைக்குக் குறைவில்லை, படைதான் கிடைக்கவில்லை.

பாரிஸ் நகரமே அவர்களை வேடிக்கை பார்த்தது. பார்த்தவர்களில் ஒருவர், ராணி மரி அந்துவானெத்தின் அபிமான ஓவியர் எலிசபெத் விஜே லெ பிரன். அவருடைய அப்பா லூயி விஜே, பேஸ்டல் ஓவியர். வண்ணப்பொடியைக் குச்சியாக்கிக் காகிதத்தில் தீட்டுவது பேஸ்டல். கை பட்டால் கலைந்துவிடும். கண்ணாடிக்குள்தான் வைக்க வேண்டும். மகளுக்கும் அந்த வித்தை கைவந்ததுதான். ஆனால் தர்வேஷ் கானை ஏழடிக்கும் அதிக உயரமான துணியில் நிற்க வைக்க நினைத்தார். அந்த அளவுக்கு எண்ணெய் வண்ணமே தோது.

மன்னர் கேட்டுக்கொண்டால் மட்டுமே சம்மதம் என்றார்கள் தூதர்கள். மன்னரும் கேட்டார். பொற்பூ வேலைப்பாடுள்ள வெள்ளை மஸ்லின் அங்கி, கையில் வாள் என்று கம்பீரமாக நின்றார் கான். படம் முடிந்த பிறகுதான் வம்பு. அதைக் கட்டிலுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, படத்துக்கு ஓர் ஆன்மா வேண்டும் என்று காரணம் சொல்லித் தர மறுத்தாராம். ஓவியர் தந்திரமாக எடுத்துப் போனார். கானின் கோபம் வேலைக்காரர் மேல் பாய்ந்தது. இதெல்லாம் ஓவியரின் நினைவுக்குறிப்பு சொல்வது. கானின் தரப்பைக் கேட்க வழியில்லை. தன் முகம் இருக்கும் படம் தனக்கே என்று ஒருவர் நினைத்ததில் என்ன தப்பு?

1789இல் பாரிஸ் கண்காட்சியில் படம் வைக்கப்பட்டது. உஸ்மான் கானை அவர் மகனோடு வரைந்த இன்னொரு படமும் அங்கே இருந்தது. அது பிற்பாடு தொலைந்தே போனது. அந்த அக்டோபரில் புரட்சிக்கு அஞ்சி ஓவியர் நாட்டை விட்டு ஓடினார். படங்கள் ஓவிய வணிகரான கணவர் ழான் பப்டிஸ்ட் பியர் லெ பிரன் வசம் நின்றுவிட்டன. 1794இல் மணமுறிவு. 1813இல் அந்த முன்னாள் கணவர் இறந்த பிறகு படங்கள் விலைபோயின. யார் வாங்கினார்கள் என்பது வரைந்தவருக்கே தெரியவில்லை. 1830களில் வெளியான நினைவுக்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

ஒரு பழைய படம் யார் யார் கைக்கு மாறி வந்தது என்ற விவரம் வெறும் வம்புப் பேச்சல்ல. படம் அசலா, திருட்டுச் சொத்தா என்று தெரிந்துகொள்ள அதுவும் ஒரு சாட்சி. மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ரயிலேறிக் கோட்டைப் பக்கம் போனால், சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய ஓவியங்களைக் காணலாம். 1918இல் மறைந்த சர் ரத்தன் டாட்டா, 1932இல் மறைந்த அண்ணன் சர் தோராப்ஜி ஆகியோரின் சேகரிப்புகள் அங்கே வந்து சேர்ந்தன. சேகரித்தவர் கையிலிருந்து பொதுமக்கள் கூடத்துக்கு வந்த நேர்வழி அது. கானின் படத்துக்கு அந்த யோகம் இல்லை.

2019 ஜனவரியில் நியூயார்க்கில் சாத்பிஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டது. 40 முதல் 60 லட்சம் டாலர் வரை போகும் என்று கணித்தார்கள். ஏறத்தாழ 72 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 51 கோடி ரூபாய். நவீன காலத்துக்கு முந்தைய பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை எந்த ஏலத்திலும் அவ்வளவு தொகை கிடைத்ததில்லை.