நெஞ்சைத் தின்னுதல்

ஒரு மொழியின் மரபுத்தொடரை மற்றொரு மொழியிற் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் நகைப்பே விளையும். ஆங்கிலத்தில் ‘ஈட் யுவர் ஹார்ட் அவுட்’ என்றொரு தொடர் உண்டு. ‘உன் நெஞ்சைத் தின்று தீர்’ என்பது அதன் சொற்பொருள். அதன் வழக்கினைச் சிறிது ஆராய்வாம்.

இத்தொடர்க்குப் பொருள் இரண்டு. முன்னையது, வாய்விட்டுரையாத துயராலும் ஏக்கத்தாலும் அகத்தே தேய்தல். கிரேக்கப் புலவர் ஹோமர், பெல்லரோபோன் என்னும் வீரன் மக்களை நீங்கித் தனியே அலைந்த நிலையை இவ்வுருவகத்தாலேயே குறிக்கின்றார். மனத்தைத் திறந்து காட்ட நண்பரில்லாதார் தம் நெஞ்சையே தின்பவராவர் என்பது, 1625-இல் வெளிவந்த பேக்கனின் நட்புக் கட்டுரையிற் காணும் கருத்து.

பின்னையது, 20-ஆம் நூற்றாண்டிற் பெருகிய வழக்கு. பாடப் பயின்றானொருவன், புகழ்மிக்க பாடகரொருவரின் பெயரைச் சொல்லி இத்தொடரையும் கூட்டுவானாயின், ‘அவரும் என்னைக் கண்டு பொறாமை கொள்க’ என்பது கருத்து. இது பெரும்பாலும் விளையாட்டுரையே.

ஆங்கிலம் ஒரே தொடரில் அடக்கிய இவ்விரண்டனையும் தமிழ் பிரித்தே வழங்குகின்றது. முன்னையது ஏக்கம், பின்னையது பொறாமை. பொறாமையுற்றார்க்கு நம் நாட்டில் எரிவது வயிறு. ‘பொறாமை’ என்னும் சொல்லே பிறர் ஆக்கத்தைப் பொறுக்கமாட்டாமையைக் காட்டும். வள்ளுவரோ இன்னும் நுணுகி, பிறர் ஆக்கம் பொறாமையை விலக்க அழுக்காறாமையையும், பிறர் பொருளை விரும்புதலை விலக்க வெஃகாமையையும் 17, 18-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பொருநையாற்றின் தென்கரையில், தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரை நோக்குக. அங்கே 1876-இல் ஜெர்மானியராகிய யாகோர் அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லின் நகர் சேர்ந்தன. பின்னர் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை ஆராய்ந்து கண்ட பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்புக் கருவிகளும் சென்னை அருங்காட்சியகம் புகுந்தன. முதுமக்கட்டாழி புதைத்த பரம்பு மாத்திரம் ஊரில் நின்றது.

தம் மண்ணில் விளைந்தவற்றைத் தம் கண்ணாற் காண அவ்வூரார் விழைதல் பொறாமையோ எனின், அன்று. பெர்லினாரின் வாழ்வு கண்டு அவர் வெதும்பவில்லை. ஆதலின் அது அழுக்காறன்று. தம் முன்னோரின் பொருளை நினைந்தமையின் அது வெஃகலுமன்று. அது ஏக்கமே.

ஏக்கம் வாய் மூடியிருப்பின் நெஞ்சைத் தின்னும். வாய் திறப்பின் வினையாக மலரும். 2004–05-இல் இந்தியத் தொல்லியல் துறையார் சத்தியமூர்த்தி அவர்கள் தலைமையில் மீண்டும் அகழ்ந்தனர். 2020-ஆம் ஆண்டு நடுவணரசின் வரவுசெலவுத் திட்டத்தில், சிறப்புற வளர்த்தற்குரிய ஐந்து தொல்லிடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில், தாழிகளைக் கிடந்தவிடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணுமாறு அமைத்த காட்சிக்கூடம் திறக்கப்பெற்றது.

ஆதலின், மாணவ நண்பர்களே, இவ்வாங்கிலத் தொடரைக் கையாளுங்கால் எப்பொருளிற் கையாளுகின்றோம் என்று தெளிதல் வேண்டும். தமிழிற் பெயர்க்குங்கால் ஏங்குவாரை நோக்கிப் பொறாமையர் என்று எழுதிவிடுதல், சொற்பிழை மாத்திரமன்று. அவர்க்கு இழைக்கும் பழியுமாகும்.