நடுக்கடலில் நீங்கள் இரண்டே பேர்!

வீட்டை விற்று, அந்தக் காசில் ஒரு பாய்மரப் படகு வாங்கி, கணவனும் மனைவியுமாகக் கடலில் கிளம்பிவிடுவது! நம் வீடுகளில் இப்படிச் சொன்னால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளில் ரிட்டயரான தம்பதிகளும், சமயத்தில் இளம் ஜோடிகளும் வருஷா வருஷம் இப்படிக் கிளம்பத்தான் செய்கிறார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளிலிருந்து நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் பாய் விரிப்பார்கள். அட்லாண்டிக் கடலின் புயல் சீசன் அப்போது முடிந்திருக்கும். வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ள, சுமார் 2,700 கடல் மைல் தாண்டி மேற்கிந்தியத் தீவுகளைச் சேர 3 வாரம், காற்று மந்தமானால் 4 வாரம் ஆகும். அத்தனை நாளும் டாக்டர் இல்லை, மருந்துக் கடை இல்லை, பக்கத்து வீடு இல்லை. அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். அவ்வளவுதான்!

"புயல் வந்தால் என்ன செய்றது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். புயல் வருமோ வராதோ, குமட்டல் நிச்சயம் வரும். படகுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, சுற்றியுள்ள சுவர், மேஜை எல்லாம் அசையாமல் இருப்பதாகக் கண் சொல்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்போ, "இல்லையில்லை, ஆடிக்கொண்டிருக்கிறோம்" என்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பிப்போகிறது. விளைவு... தலைசுற்றல், வியர்வை, வாந்தி! அதனால்தான் கீழே குனிந்து சமைப்பவருக்கும், வரைபடம் பார்ப்பவருக்கும் முதலில் வருகிறது; மேலே நின்று தொடுவானத்தைப் பார்த்தபடி சுக்கான் பிடிப்பவர் தப்பித்துக்கொள்கிறார். முடியவில்லையென்றால் படகின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைந்த இடத்தில், கண்ணை மூடிப் படுத்துவிடுவது நல்லது. பெரும்பாலோருக்கு 2, 3 நாளில் உடம்பு பழகிவிடும். பழகாத சிலரும் உண்டு. அவர்கள் அந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் கரையோரம்தான், நடுக்கடல் இல்லை.

மாத்திரை? சின்னரிசின் போன்ற மாத்திரைகளைக் கிளம்பும் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்தபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். இவற்றில் பல தூக்கத்தை இழுத்து வரும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபலமின் பட்டையும் உண்டு. கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும், புராஸ்டேட் தொந்தரவால் சிறுநீர் அடைப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. இன்னொரு விஷயம், தம்பதிகள் யோசிக்க மறந்துவிடுவது: கருத்தடை மாத்திரை சாப்பிட்ட 2, 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதை நம்ப முடியாது. ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். அது சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாது.

வாந்தி எடுத்தவருக்குத் தண்ணீர் வேண்டுமே! 1 லிட்டர் நல்ல தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி... நம் வீட்டில் குழந்தைக்குப் பேதியானால் கொடுக்கிற அதே கரைசல்தான். கடல் நீரை மட்டும் வாயில் வைக்கக் கூடாது. அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு கெட்டியாக உப்பைப் பிரித்து அனுப்ப முடியாது. குடித்ததைவிட அதிகமான தண்ணீரை உடம்பிலிருந்தே எடுத்துத்தான் அந்த உப்பைக் கழுவித் தள்ள வேண்டியிருக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம்!

மாரிஸ் பெய்லி, மேரலின் பெய்லி என்ற ஆங்கிலேயத் தம்பதி இதை அனுபவத்தில் கண்டவர்கள். வீட்டை விற்றுப் படகு வாங்கியவர்களில் இவர்களும் சேர்த்தி. நியூசிலாந்துக்கு என்று 1972-ல் புறப்பட்டார்கள். 1973 மார்ச் 4-ம் தேதி, பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கிவிட்டது. ஒரு ரப்பர் மிதவையிலும் அதோடு கட்டிய சின்னப் படகிலுமாக ஜூன் 30 வரை மிதந்தார்கள். மழை நீரைப் பிடித்துக் குடித்தார்கள். சேஃப்டி பின்னை வளைத்துத் தூண்டில் முள்ளாக்கி மீன் பிடித்தார்கள். ஆமையும் கடற்பறவையும்கூட உணவாயின. பல கப்பல்கள் இவர்களைக் கவனிக்காமலே போய்விட்டன. கடைசியில் ஒரு தென் கொரிய மீன்பிடிப் படகு காப்பாற்றியபோது இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மேரலினுக்கு நீச்சலே தெரியாது! ஆனால் கணவர் நோயில் படுத்து, மனம் விட்டுப்போன நாட்களில், மீன் பிடித்ததும், அவரைப் பேச வைத்ததும், தாளைக் கிழித்துச் சீட்டுக்கட்டு செய்து விளையாட வைத்ததும் அந்த அம்மாதான். அடுத்த படகு எப்படி இருக்கணும் என்று மிதவையில் உட்கார்ந்தே இருவரும் திட்டம் போட்டார்கள். பிழைத்து வந்தபின் நிஜமாகவே இன்னொரு படகில் கடலுக்குப் போனார்கள். இதை என்னவென்று சொல்ல!

அவர்கள் படகில் செய்தி அனுப்பும் ரேடியோ இல்லை. இன்று சாட்டிலைட் போனும், ஆபத்தில் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவியும் வந்துவிட்டன. ஆனால் தூக்கத்துக்கு மட்டும் இன்னும் கருவி வரவில்லை. தொடுவானத்தில் புள்ளியாகத் தெரியும் கப்பல் 15, 20 நிமிஷத்தில் மேலேயே வந்துவிடலாம். அதனால் ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். 3 மணி நேரம் இவர், 3 மணி நேரம் அவர். முதல் 3, 4 நாட்கள் கொடுமை. தூக்கம் கெட்டால் கோபம் வரும், கணக்குத் தப்பும், வராத கப்பல்கூடக் கண்ணுக்குத் தெரியும். "அவர் பாவம், தூங்கட்டும்" என்று தன் முறைக்கு மேலும் விழித்திருப்பது அன்பு மாதிரித் தோன்றும். மறுநாள் ஒருவருக்கு இருவராக இரண்டு பேருமே சோர்ந்துகிடப்பார்கள். பகலில் சேர்த்துத் தூங்கியே ஆகணும், வேறு வழியில்லை.

ராத்திரி முறையில் தனியாக இருக்கும்போது இடுப்பு பெல்ட்டையும் கயிற்றையும் படகோடு மாட்டாமல் ஓர் அடி நகரக் கூடாது. குறிப்பாக ஆண்களுக்கு! படகு ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கப் போய் விழுவது கடலோடிகள் நன்றாக அறிந்த ஆபத்து. காற்று இரைச்சலில் கூப்பிட்டால் கீழே தூங்கும் மனைவிக்குக் கேட்காது. மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் படகு ஒரே நிமிஷத்தில் 180 மீட்டருக்கு மேல் போய்விடும். அலைக்கு நடுவே தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும்.

பல ஜோடிகளில் படகு அவருடையது, சமையல் இவருடையது என்றே பழகியிருக்கும். அப்படியானால் தண்ணீரில் விழுந்தவரை யார் எடுப்பது? பாயை இறக்க, இன்ஜினைக் கிளப்ப, படகைத் திருப்ப, ரேடியோவில் பேச, ஊசி போட... இருவருக்கும் எல்லாம் கைவர வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே ஒரு மிதவையைத் தண்ணீரில் தூக்கிப் போட்டு, "இதுதான் நான், தனியா வந்து எடு பார்க்கலாம்" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்த நாள் அவருடைய முறை.