காயலான் கடைக் காற்றாலை

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், கசுங்கு நகருக்குப் பக்கத்தில் விம்பே என்ற ஊர். அங்கிருந்த தொடக்கப் பள்ளியில் சின்னதாக ஒரு நூலகம் இருந்தது. மூன்றே அலமாரிகள், அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த புத்தகங்கள். 2002-இல் அந்த அறைக்கு அடிக்கடி வந்து போனான் பதினான்கு வயது வில்லியம் கம்குவம்பா. அவன் அந்தப் பள்ளி மாணவன் அல்ல. அப்போது அவன் எந்தப் பள்ளியிலும் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே, கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றுவிட்டது. ஆண்டுக்கு 80 டாலர் போலத்தான். அது கூட வீட்டில் இல்லை.

வீட்டில் சாப்பாடே இல்லாத வருடம் அது. 2001-இல் மழை பொய்த்து மக்காச்சோளம் கருகியது. அரசின் கையிருப்புத் தானியமும் முன்பே விற்கப்பட்டிருந்தது. மலாவிக்காரர்களுக்கு ந்சிமா என்ற மக்காச்சோளக் களிதான் உயிர். வில்லியமின் வீட்டில் அது நாளுக்கு ஒரு வேளை, ஆளுக்குச் சில கவளம் என்றாகிவிட்டது. அப்பா, அம்மா, ஆறு சகோதரிகள், இவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை. நாடெங்கும் பட்டினியால் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பையன் நூலகத்துக்குப் போவானா? வில்லியம் போனான். பள்ளிக்குப் போகும் நண்பர்களைவிடப் பின்தங்கிவிடக் கூடாது என்பதுதான் முதலில் அவன் எண்ணம். ஆங்கிலம் சரியாக வராது. படத்தைப் பார்ப்பான், படத்துக்குக் கீழே உள்ள சொல்லை அகராதியில் தேடுவான், புரியாததை நூலகரிடம் கேட்பான். ஒரு நாள் 'யூசிங் எனர்ஜி' என்ற பாடப்புத்தகம் கையில் கிடைத்தது. அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள். காற்றாலையால் மின்சாரம் எடுக்கலாம், தண்ணீரும் இறைக்கலாம் என்று படித்ததும் அவனுக்குக் கணக்கு ஓடியது: தண்ணீர் இறைத்தால் வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கலாம், இரண்டு போகம் எடுத்தால் இன்னொரு பஞ்சத்தில் குடும்பம் பட்டினி கிடக்காது. ஏழைப் பிள்ளையின் கனவு என்றதும் பலரும் வானத்தைப் பார்க்கிறார்கள். இவன் கனவோ சோற்றுப் பானையிலிருந்து கிளம்பியது. அதனால்தான் அது அத்தனை உறுதியாக இருந்தது.

காற்றாலைக்கான சாமான்களை அவன் சேர்த்த விதத்தை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் பக்கத்தில் காயலான் கடை போல ஓட்டை உடைசல் குவிந்து கிடந்த ஓர் இடம். அங்கே ஒரு டிராக்டர் விசிறி கிடைத்தது. பழைய ஷாக் அப்சார்பர் ஒன்றை அச்சாக்கினான். பிவிசி பைப்பை நீளவாக்கில் கிழித்து, நெருப்பில் வாட்டி, இளகியதும் தட்டையாக்கி இறக்கைகள் செய்தான். துளை போட டிரில் மிஷின் ஏது? ஆணியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, மக்காச்சோளக் கட்டையைக் கைப்பிடியாகச் சொருகிக்கொண்டான். வாஷருக்குப் பதில் தட்டி நிமிர்த்திய பாட்டில் மூடிகள். வெல்டிங் கூலிக்காக விறகு ஏற்றும் வேலைக்குப் போனான். அப்பாவின் உடைந்த சைக்கிளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினான்.

ஒரு பொருள் மட்டும் கிடைக்கவே இல்லை: டைனமோ. சைக்கிள் டயரில் உரசிச் சுழன்று முன்விளக்கை எரிய வைக்குமே, அதேதான். வழியில் சைக்கிளில் வந்த ஒருவரிடம் அது இருந்தது. பக்கத்தில் நின்ற நண்பன் கில்பர்ட், தன் பையிலிருந்து 200 குவாச்சாவை எடுத்துக் கொடுத்து அதை வாங்கித் தந்தான். இந்தக் கதையை மேடைகளில் சொல்லும்போது கில்பர்ட்டை விட்டுவிடக் கூடாது. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் எல்லாம் சேர்ந்தும் வெறும் விசிறிதான் சுற்றியிருக்கும்.

வில்லியமும் கில்பர்ட்டும் சேர்ந்து தைலமரக் கழிகளை நட்டு, சுமார் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் எழுப்பினார்கள். அதுவரை 'பையனுக்குப் பைத்தியம்' என்று பேசிய ஊர், வேடிக்கை பார்க்கத் திரண்டது. காற்றில் இறக்கை சுழன்றது. சங்கிலி சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் டைனமோவைச் சுழற்றியது. வில்லியம் கையில் இருந்த சின்ன கார் பல்பு எரிந்தது. கிடைத்தது 12 வாட் மின்சாரம். பிறகு வீட்டுக்குள் நான்கு பல்புகளும் இரண்டு ரேடியோக்களும் அதில் இயங்கின. ரப்பர்ச் செருப்புத் துண்டில் சுவிட்ச் செய்தான். கூரை வீட்டில் மின்கம்பி தீப்பற்றிவிடக் கூடாதே என்று காந்தத்தையும் ஆணிகளையும் வைத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றையும் செய்தான்.

வில்லியமைப் போல வறுமையில் வளரும் பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு, தொலைநோக்கு இல்லை என்று சிலர் சர்வசாதாரணமாகச் சொல்வதுண்டு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் செய்த மார்ஷ்மெல்லோ மிட்டாய்ச் சோதனை. மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்றது அது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை வைத்து மறுபடி ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன்பே, 2013-இல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 28 குழந்தைகளில் பாதிப் பேரிடம் முதலில் ஒரு வாக்குறுதி கொடுத்து நிறைவேற்றினார்கள். மீதிப் பேரிடம் கொடுத்த வாக்கை மீறினார்கள். பிறகு மிட்டாயை வைத்தார்கள். முதல் குழு சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது, இரண்டாம் குழு மூன்றே நிமிடம். சொன்ன சொல் தவறும் உலகத்தில் காத்திருக்காமல் இருப்பது குழந்தையின் குறை அல்ல, அதன் அனுபவம் சொல்லித்தந்த புத்தி.

வில்லியமிடம் உலகம் எத்தனையோ முறை சொல் தவறியது. மழை தவறியது, அரசு தவறியது, பள்ளிக்கூடம் கைவிட்டது. ஆனால் நூலகம் திறந்திருந்தது. நூலகர் பதில் சொன்னார். நண்பன் காசு கொடுத்தான். அப்பா கடைசியில் சைக்கிளைத் தந்தார். விடாமுயற்சி என்று நாம் பாராட்டும் குணத்துக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

2006-இல் மலாவி நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. 2007-இல் தான்சானியாவின் அருஷா நகரில் நடந்த டெட் (TED) உரை மாநாட்டுக்கு வில்லியமை அழைத்தார்கள். அதன்பிறகுதான் உதவிகள் வந்தன. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தார். 2014-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவரது வாழ்க்கையை வைத்து 2019-இல் திரைப்படமும் வந்தது.

ஆனால் பள்ளியை விட்டதற்கும் திரும்பிச் சேர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வருடங்களில் அவர் காற்றாலை கட்டினார் என்பதற்காக, 80 டாலருக்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது நியாயம் ஆகிவிடாது. அதே பஞ்சத்தில், அதே மாவட்டத்தில் பள்ளியை விட்ட பிள்ளைகள் ஏராளம். அவர்களில் யாருக்கு என்ன கனவு இருந்தது என்று நமக்குத் தெரியாது. படிப்பு நிற்பதன் வலி கம்குவம்பாவுக்குத் தெரியும். கையில் பணம் வந்ததும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தன் சகோதரிகளையும் உறவுப் பிள்ளைகளையும் மறுபடி பள்ளிக்கு அனுப்பியது.