பணமா, ஜனமா? சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு யுத்தம்!

எதிர்க்கட்சியோடு மோதுவது அரசியலில் சகஜம். சொந்தக் கட்சியோடு மோதி ஜெயிப்பது லேசில் நடக்கிற காரியம் அல்ல. அதுவும் கையில் காசு இல்லாமல்!

அமெரிக்காவில் அது நடந்தது.

அங்குள்ள ஜனநாயக கட்சியில், "கம்பெனி பணம் நமக்கு வேண்டாம்" என்று கொடி பிடித்த சாதாரண தொண்டர்கள், 20 வருஷமாக அசைக்க முடியாமல் இருந்த ஒரு பெரும்புள்ளியை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். அவரை வீழ்த்தியவர் 28 வயது பெண். பிரசாரத்தை ஆரம்பித்த பிறகும்கூட மது பாரில் சிப்பந்தியாக வேலை பார்த்துக் கொண்டிருந்தவர்!

அவர் பெயர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ்.

சட்டத்தில் ஒரு சந்து

அமெரிக்க சட்டப்படி ஒரு கம்பெனி தன் கல்லாவில் இருந்து பணத்தை எடுத்து பாராளுமன்ற வேட்பாளருக்கு நேராகக் கொடுக்க முடியாது. 1907-ம் ஆண்டிலேயே தடை போட்டு விட்டார்கள்.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது. கம்பெனி பெயரில் ஒரு நிதிக் கமிட்டி தொடங்கலாம். அதற்கு "பேக்" என்று பெயர். கம்பெனியின் அதிகாரிகளும் பங்குதாரர்களும் அதில் பணம் போடுவார்கள். கமிட்டி அதைத் திரட்டி ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு 5 ஆயிரம் டாலர் வரை கொடுக்கலாம். ஒரு கம்பெனி என்றால் 5 ஆயிரம். 100 கம்பெனி சேர்ந்தால் எவ்வளவு? கணக்கு போட்டுப் பாருங்கள்.

2010-ல் சந்து பெரிய சாலை ஆனது. கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். அதன் பிறகு "சூப்பர் பேக்" முளைத்தது. அதற்கு உச்சவரம்பே கிடையாது. வேட்பாளரோடு கலந்து பேசி செலவு செய்யக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

"பணம் கொடுத்தவன் சும்மாவா கொடுப்பான்? நாளைக்கு சட்டம் வரும்போது வந்து நிற்க மாட்டானா?" என்பது தொண்டர்கள் கேள்வி.

"எதிர்க்கட்சி வாங்குகிறதே! நாம் மட்டும் கையைக் கட்டிக் கொண்டு நின்றால் தேர்தலில் தேற முடியுமா?" என்பது கட்சி மேலிடத்தின் பதில்.

போட்ட தடை போச்சு

2008-ல் ஒபாமா ஜனாதிபதி வேட்பாளர் ஆனபோது, ஜனநாயக கட்சியின் தேசிய கமிட்டி இனிமேல் "பேக்" பணத்தையும், கம்பெனிகளுக்காக சிபாரிசு செய்யும் தரகர்களின் பணத்தையும் வாங்காது என்று தடை போட்டார். தொண்டர்களுக்கு ஒரே சந்தோஷம்.

8 வருஷம்தான். 2016 பிப்ரவரியில் சத்தம் போடாமல் தடையை எடுத்து விட்டார்கள்.

அதே வருஷம் ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து கட்சிக்குள் போட்டியிட்டார், செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். பெரிய கைகளிடம் போகாமல் ஜனங்களிடம் சில்லறையாக வசூல் செய்தார். ஒருவர் கொடுத்தது சராசரியாக 27 டாலர். அந்தப் பணத்தில் 22 மாநிலங்களில் ஜெயித்துக் காட்டினார்.

ஆனாலும் அவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. கட்சி மாநாடு கூடும் சமயத்தில் தேசிய கமிட்டியின் கடிதங்கள் அம்பலத்துக்கு வந்தன. நடுநிலையாக இருக்க வேண்டிய கமிட்டி ஊழியர்கள் சாண்டர்சுக்கு எதிராக எழுதியிருந்தது தெரிந்தது. கமிட்டித் தலைவி ராஜினாமா செய்தார்.

தொண்டர்கள் வீட்டுக்குப் போய் படுத்து விடவில்லை. "மேலே முட்டிப் பிரயோஜனமில்லை. தொகுதி தொகுதியாக ஆள் நிறுத்துவோம்" என்று கிளம்பினார்கள். 2017 ஜனவரியில் "ஜஸ்டிஸ் டெமாக்ரட்ஸ்" என்ற அமைப்பு பிறந்தது. அதன் ஆதரவு வேண்டுமா? கம்பெனி "பேக்" பணத்தைத் தொட மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும்.

சீட்டு கொடுப்பது யார்?

இங்கே வேட்பாளரை கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கே தனியாக ஒரு தேர்தல் நடக்கும். நியூயார்க் மாநிலத்தில், அந்தக் கட்சிக்காரர் என்று பதிவு செய்தவர்கள்தான் அதில் ஓட்டு போடலாம்.

தொண்டர்கள் கண் வைத்தது இதில்தான். இந்த ஓட்டுக்குப் பெரும்பாலான ஜனங்கள் வருவதே கிடையாது!

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ், குயின்ஸ் பகுதிகளைச் சேர்ந்த 14-வது தொகுதியை எடுத்துக் கொள்ளுங்கள். சுமார் 7 லட்சம் ஜனத்தொகை. ஏறக்குறைய பாதிப் பேர் ஸ்பானிஷ் வம்சாவளியினர். ஜனநாயக கட்சியின் கோட்டை. கட்சிக்குள் ஜெயித்தால் பாராளுமன்றத்துக்கு டிக்கெட் வாங்கியாச்சு என்று அர்த்தம்.

எம்.பி. பெயர் ஜோ க்ரௌலி. பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நாலாவது இடத்தில் இருந்த தலைவர். குயின்ஸ் கட்சி அமைப்பும் அவர் கையில். அவர் முதலில் எம்.பி. ஆன கதையே சுவாரசியமானது. 1998-ல் அப்போதைய எம்.பி. மனு தாக்கல் எல்லாம் முடிந்த பிறகு விலகினார். காலி இடத்துக்கு கட்சிக் கமிட்டி க்ரௌலியைப் போட்டது. கட்சிக்குள் அவரை எதிர்த்து 2004-க்குப் பிறகு யாரும் நிற்கவே இல்லை.

க்ரௌலி செலவு செய்தது சுமார் 34 லட்சம் டாலர். அதில் சில்லறை நன்கொடை 100-க்கு 1 கூடத் தேறாது. எதிரில் நின்ற பெண் செலவு செய்தது 2 லட்சம் டாலருக்கும் குறைவு!

செருப்பு தேய்ந்தது

ஒகாசியோ கோர்ட்டெஸ் பிராங்க்சில் பிறந்தவர். பூர்வீகம் போர்ட்டோ ரிக்கோ. 2008-ல் அப்பா புற்றுநோயில் இறந்தார். படிப்பு முடித்தும் குடும்பத்துக்காக ஓட்டலில் பரிமாறினார், பாரில் நின்றார். 2016-ல் சாண்டர்சுக்காக வேலை செய்தார். அவருடைய தம்பி எழுதிப் போட்ட சிபாரிசின் பேரில்தான் தொண்டர் அமைப்பு அவரைத் தேடி வந்தது.

கட்சியில் பெயர் பதிவு செய்ய, ஓட்டுப்பதிவுக்கு பல மாதம் முன்பே கெடு முடிந்து விடும். தொண்டர்கள் அதற்கு முன்பே வீடு வீடாகப் போய் பதிவு செய்ய வைத்தார்கள். ரெயில் நிலைய வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள். இங்கிலீசிலும் ஸ்பானிஷிலும் போஸ்டர் ஒட்டினார்கள். கதவைத் தட்டித் தட்டி வேட்பாளரின் செருப்பு ஓட்டை விழுந்து விட்டது. பிறகு அந்த ஜோடியை கார்னெல் பல்கலைக்கழகம் வாங்கி கண்காட்சியில் வைத்தது!

க்ரௌலிக்கு ஆபத்து உறைக்கவில்லை. ஓட்டுப்பதிவுக்கு 8 நாள் முன்பு நடந்த விவாதக் கூட்டத்துக்கு தான் வராமல், வேறொரு பெண் பிரமுகரை அனுப்பி வைத்தார். "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையே கண்டித்து தலையங்கம் எழுதியது.

"அவர் நல்லவர்தானே, சபையில் ஏழைகள் பக்கம்தானே ஓட்டு போட்டார்" என்று க்ரௌலி ஆட்கள் வாதாடினார்கள். "அவரிடம் பணம் இருக்கிறது, எங்களிடம் ஜனம் இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு சொன்னது.

2018 ஜூன் 26-ந் தேதி ஓட்டுப்பதிவு. 7 லட்சம் பேர் வாழும் தொகுதியில் பதிவானது 30 ஆயிரம் ஓட்டு கூட இல்லை. ஒகாசியோ கோர்ட்டெசுக்கு 100-க்கு 57. க்ரௌலிக்கு 43. வித்தியாசம் 4 ஆயிரம் சொச்சம்.

34 லட்சம் டாலரை விழுங்கியது அந்த 4 ஆயிரம் ஓட்டு!

அன்று இரவு க்ரௌலி கிடாரைத் தூக்கி மாட்டிக் கொண்டு, தன்னைத் தோற்கடித்த பெண்ணுக்கே ஒரு பாட்டை சமர்ப்பணம் செய்து வாசித்தார். அந்தப் பெருந்தன்மையை ஜனங்கள் ரசித்தார்கள்.

மேலிடம் விடவில்லை

அந்த வருஷம் தொண்டர்கள் நிறுத்திய மற்ற வேட்பாளர்களில் பெரும்பாலோர் தோற்றுத்தான் போனார்கள். கட்சி அலுவலகத்திலும் இழுபறி.

எண்ணெய், எரிவாயு, நிலக்கரி கம்பெனிகளின் "பேக்" பணம் வேண்டாம் என்று 2018 ஜூனில் தேசிய கமிட்டி தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் நிர்வாகக் குழு கூடி, 30-க்கு 2 என்ற ஓட்டில் அதை மாற்றியது. அந்தத் தொழிலாளர்களை அவமதிக்கக் கூடாதாம்!

அதே மாதம் தொண்டர்களுக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டில், ஜனங்கள் ஓட்டு வாங்காமலே பதவியால் ஓட்டுரிமை பெற்ற 700-க்கும் மேற்பட்ட பிரமுகர்கள் இருந்தார்கள். அவர்கள் போட்டி மாநாட்டின் முதல் சுற்றில் ஓட்டு போட முடியாது என்று சிகாகோவில் விதி மாறியது.

2019 மார்ச்சில் மேலிடம் ஒரு போடு போட்டது. பதவியில் இருக்கும் எம்.பி.யை எதிர்த்து நிற்பவருக்கு போஸ்டர், விளம்பரம், ஆலோசனை என்று வேலை செய்யும் நிறுவனங்களுக்கு கட்சி வேலை கிடையாது என்று உத்தரவு! 2021-ல்தான் அது ரத்தானது.

அமேசான் ஓடியது

நியூயார்க் தொண்டர்கள் கம்பெனியோடு நேருக்கு நேர் மோதிய சம்பவமும் உண்டு. 2018 நவம்பரில் குயின்சில் பெரிய அலுவலகம் கட்டப் போவதாக அமேசான் அறிவித்தது. 25 ஆயிரம் வேலை. பதிலுக்கு சுமார் 300 கோடி டாலர் சலுகை. ஏற்பாடு செய்த கவர்னர் ஆண்ட்ரூ குவாமோவும் மேயரும் ஜனநாயக கட்சிக்காரர்களே.

"உலகப் பணக்காரனுக்கு எங்கள் வரிப்பணமா? வீட்டு வாடகை ஏறினால் நாங்கள் எங்கே போவது?" என்று தொண்டர்கள் தெருவில் இறங்கினார்கள். 3 மாதத்தில், 2019 பிப்ரவரி 14-ந் தேதி, அமேசான் பின்வாங்கியது.

"வந்த வேலையை விரட்டி விட்டார்களே" என்று திட்டியவர்களும் உண்டு.

பணம் திருப்பி அடித்தது

2020-ல் நியூயார்க்கில் பள்ளி பிரின்சிபால் ஜமால் போமன், மிசூரியில் நர்ஸ் கோரி புஷ் என்று தொண்டர் வேட்பாளர்கள் பழைய எம்.பி.க்களை வீழ்த்தினார்கள். புஷ் ஜெயித்த தொகுதி அப்பா, பிள்ளை என்று ஒரே குடும்பத்திடம் 50 வருஷத்துக்கு மேல் இருந்தது.

2024-ல் இருவருமே கட்சிக்குள் தோற்றார்கள். காசா போரில் இஸ்ரேலை அவர்கள் கண்டித்திருந்தார்கள். இஸ்ரேல் ஆதரவு அமைப்பின் சூப்பர் பேக் போமனுக்கு எதிராக மட்டும் 1 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. கம்பெனிப் பணத்தை மறுத்தால் போதாது, வெளியில் இருந்து வரும் பணத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

மறு வருஷமே நியூயார்க்கில் ஒரு பதில் கிடைத்தது.

2025-ல் மேயர் பதவிக்கு கட்சிக்குள் மோதியவர்கள் இரண்டு பேர் முக்கியம். ஒருவர், அமேசானை அழைத்து வந்த அதே குவாமோ. இன்னொருவர் குயின்ஸ் பகுதி மாநில சட்டசபை உறுப்பினர் சொஹ்ரான் மம்தானி. நம்ம ஊர் டைரக்டர் மீரா நாயரின் மகன்.

குவாமோவுக்காக ஒரு சூப்பர் பேக் 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. கோடீசுவரர் புளூம்பெர்க் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் போட்டார். மம்தானிக்கு தொண்டர் படை இருந்தது. நகர சட்டமும் கை கொடுத்தது. உள்ளூர்க்காரர் தரும் சிறு நன்கொடையில் டாலருக்கு 8 டாலர் நகர நிர்வாகமே சேர்த்துக் கொடுக்கும். குவாமோவுக்கும் அதே சட்டம்தான். ஆனால் சில்லறை தருகிற ஜனம் யாரிடம் அதிகமோ அவருக்கே லாபம்.

ஜூனில் மம்தானி ஜெயித்தார். குவாமோ சுயேச்சையாக நின்று நவம்பரில் மறுபடியும் தோற்றார். 2026 ஜனவரி 1-ந் தேதி மம்தானி மேயர் பதவி ஏற்றார்.

கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமர் அதே நியூயார்க்காரர். சொந்தக் கட்சி வேட்பாளர் மம்தானிக்கு ஓட்டு போடுங்கள் என்று ஓட்டுப்பதிவு முடிகிற வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை!