குழந்தை இல்லையா? மனைவியை மட்டும் குறை சொல்லாதீர்கள்!
பேட்டரி பட்டறை, நகைப் பட்டறை ஆண்களுக்கு ஈயப் புகை ஆபத்து

செந்துறை:-

"என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

செந்துறையானாலும் சென்னையானாலும் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மருமகள் காதில் விழும் கேள்வி இதுதான். இரண்டாவது வருஷம் கோவில், குளம், வேண்டுதல். மூன்றாவது வருஷம், "வேற பொண்ணு பார்க்கலாமா?" என்று கேட்க ஆள் வந்துவிடும்.

புருஷனை டாக்டரிடம் அனுப்ப மட்டும் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆணிடமும் குறை இருக்கிறது என்பது டாக்டர்கள் அறிந்த கணக்கு. அந்தக் குறைக்கு அவர் பார்க்கும் வேலையே காரணமாக இருக்கலாம்!

சிமெண்ட் தூசியா?

அரியலூர் மாவட்டம் சிமெண்ட் ஆலைகளுக்குப் பேர்போனது. எனவே சந்தேகம் முதலில் சிமெண்ட் மீதுதான் பாயும். அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. சிமெண்டில் உள்ள குரோமியம் கொத்தனார் கைகளில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். ஆனால் ஆண்களின் உயிரணுவைக் கெடுக்கிறது என்பதற்கு பலமான ஆதாரம் உள்ள உலோகம் ஈயம்தான்.

லாரியும் டிராக்டரும் ஓடும் ஊரில் பேட்டரி கடை இல்லாமல் இருக்காது. பழைய பேட்டரியை உடைத்து, தகட்டை உருக்கும்போது கிளம்பும் புகையிலும் பொடியிலும் ஈயம் இருக்கிறது. பழைய பெயிண்டைச் சுரண்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ருமேனியா நாட்டில் பேட்டரி தொழிலாளர்களைச் சோதித்து 1975-ல் ஓர் ஆய்வு வெளியானது. ரத்தத்தில் ஈயம் கூடியவர்களுக்கு உயிரணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. அணுக்களின் ஓட்டம் மந்தமாகவும், வடிவம் கோணலாகவும் இருந்தது.

முந்திரி காறுவது போல...

இது எப்படி நடக்கிறது?

செந்துறைக்காரர்களுக்கு முந்திரியை வைத்தே சொல்லிவிடலாம். பருப்பைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டு எண்ணெய் கெட்டு காறிப் போகிறது அல்லவா? உயிரணுவின் மேல்தோலும் கொழுப்பால் ஆனது. உடலுக்குள் ஆக்சிஜனில் இருந்து தோன்றும் சில முரட்டுத் துகள்கள் அந்தக் கொழுப்பைக் காற வைக்கின்றன. அவற்றை அடக்கும் சக்தி உடம்புக்கு உண்டு. ஈயமும் காட்மியமும் உள்ளே போனால் துகள்கள் பெருகும். அடக்கும் சக்தி குறையும். காறிப்போன அணுவால் நீந்த முடியாது.

கே.டி.எம். நகை

காட்மியம் என்றால் புதுப் பெயர் போலத் தோன்றும். 'கே.டி.எம்.' நகை என்று கடைக்காரர்கள் சொன்னது, காட்மியம் கலந்து பற்றவைத்த நகையைத்தான். போட்டுக்கொள்பவருக்கு ஆபத்து இல்லை. ஊதிப் பற்றவைக்கும் பத்தருக்குத்தான் அந்தப் புகை விஷம். பீடி, சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு.

ஆண்மைக் குறைவு அல்ல!

டெஸ்டுக்குப் போக ஆண்கள் கூச்சப்படக் காரணம் ஒரு தவறான எண்ணம். தாம்பத்திய சக்தி வேறு, உயிரணு எண்ணிக்கை வேறு. கட்டுமஸ்தான ஆளுக்கும் அணு குறைவாக இருக்கலாம்.

2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருந்துவிட்டு விந்துப் பரிசோதனை செய்யவேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கீழ் அளவு. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை.

டாக்டரிடம் என்ன வேலை பார்க்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்போதுதான் ரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்க எழுதித் தருவார்.

டானிக் போதுமா?

காறலைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரைகளை அமெரிக்காவில் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவில், அணுக்கள் பெருகியதாகத் தெரியவில்லை. விஷம் உள்ளே போவதை நிறுத்தாமல் டானிக் குடித்து என்ன பயன்?

புதிய உயிரணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். எனவே வேலை முறையை மாற்றினால் முன்னேற்றத்துக்கு வழி உண்டு. எலும்பில் தங்கிய ஈயம் வெளியேற வருஷக்கணக்கில் ஆகும் என்பதால் பொறுமை தேவை.

பட்டறையில் டீ, பீடி, சாப்பாடு கூடாது. கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. துணிமுகமூடி ஈயப் புகையைத் தடுக்காது. வேலைத்துணியை பட்டறையிலேயே மாற்றவேண்டும். அதில் ஒட்டிய பொடி வீட்டுக்கு வந்தால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கெடுதல்.

1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டமே ஈய நஞ்சை, டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சின்னப் பட்டறைகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றன. அங்கே வேலை பார்ப்பவர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மருமகளை "மலடி" என்று ஏசுவதற்கு முன், மகனை ஒருமுறை லேபுக்கு அனுப்புங்கள்!