காணாமல் போகவில்லை, சேர்ந்து வாழ்கிறார்கள்

மதுரையில் 2021-ஆம் ஆண்டு இரண்டு குடும்பங்கள் "மகளைக் காணவில்லை" என்று போலீசில் புகார் கொடுத்தன. இரண்டு புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. ஆனால் அந்தப் பெண்கள் தொலைந்துபோகவில்லை. ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 20. ஒருவரையொருவர் நேசித்தவர்கள். வீட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும் சென்னைக்குப் போய், தன்னார்வ அமைப்புகளின் துணையோடு தங்கியிருந்தார்கள். போலீஸ் அங்கேயும் தேடி வந்தது. பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இருவரும் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கும் போதிய புரிதல் இல்லை என்று அவர் உத்தரவிலேயே எழுதிவைத்தார். பிறகு உளவியலாளர் வித்யா தினகரனிடம் நேரம் கேட்டு, மாணவர்போல உட்கார்ந்து பாடம் கேட்டார். இந்திய நீதிமன்ற வரலாற்றில் அரிதாகவே காணக்கூடிய காட்சி அது. அந்தப் பெண்களையும் இரு வீட்டுப் பெற்றோரையும்கூட ஆலோசனைக்கு அனுப்பினார். பெற்றோர் கெட்டவர்களாக இல்லை, நடுங்கிப்போனவர்களாக இருந்தார்கள். இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதைவிட மகள் காலம் முழுக்கத் தனிமரமாக இருந்துவிட்டால்கூட அது கௌரவம் என்பது அவர்கள் எண்ணமாக இருந்தது என்று ஆலோசகரின் அறிக்கை சொன்னது. "நாளைக்கு ஊர் என்ன பேசும்?" என்ற கேள்வி மதுரைப் பக்கத்து வீடுகளில் எவ்வளவு கனமானது என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவு அந்த இருவரோடு நிற்கவில்லை. தமிழ்நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. ரிட் மனு எண் 7284/2021 என்ற இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. காவல் நிலையத்திலும் வக்கீல் அலுவலகத்திலும் இதைச் சொன்னால் உத்தரவை எடுத்துப் பார்த்துவிடலாம். "காணவில்லை" என்ற புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்தவர்கள், சுயவிருப்பத்தோடு சேர்ந்து இருப்பவர்கள் என்று தெரிந்தால், அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவைக்க வேண்டும். எந்தத் தொல்லையும் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் கட்டளை.

அடுத்த பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, சார்நிலைக் காவல் அலுவலர்களின் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தாரையும் துன்புறுத்தும் காவலர்மீது துறை நடவடிக்கை எடுக்க இந்த விதியே போதும்.

காகிதத்தில் இருப்பது உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இரவு எட்டு மணிக்கு ஒரு பெண்ணுக்கு எப்படிக் கைகொடுக்கும்? அங்கேதான் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். வயதைக் காட்ட பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் கையில் இருக்க வேண்டும். வீட்டு நகை, பணம் எதையும் தொடக் கூடாது. "பொண்ணைக் காணோம்" என்ற புகார் எடுபடாத இடத்தில் "நகையைத் தூக்கிட்டுப் போயிட்டா" என்ற புகார் வந்து உட்காரும். திருட்டு வழக்கு என்றால் போலீசுக்குக் கையைப் பிடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். சொந்த விருப்பத்தில்தான் வெளியே வந்தேன், நான் மேஜர், என்னை யாரும் கடத்தவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஊர்க் காவல் நிலையத்துக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பெண்களைச் சாட்சி விசாரணைக்கென்று அவர்கள் தங்கியிருக்கும் இடத்தைவிட்டு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-ஆம் பிரிவிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நேரில் கேட்கலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 2021 உத்தரவும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது.

இந்த நெறிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. உலகம் மெல்ல மெல்ல ஏறிவந்த படிகளின் தொடர்ச்சி இவை. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த நிக்கோலஸ் டூனன் போட்ட முறையீட்டில், வயது வந்த இருவரின் அந்தரங்கத்தைக் குற்றமாக்குவது சர்வதேச உடன்படிக்கைக்கு விரோதம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006 நவம்பரில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் சட்ட அறிஞர்கள் கூடி, ஏற்கெனவே இருக்கும் மனித உரிமைச் சட்டங்கள் பால்புதுமையினருக்கு எப்படிப் பொருந்தும் என்று கொள்கைகளாகத் தொகுத்தார்கள். எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல அது. ஆனாலும் மூன்றாம் பாலினத்தவர் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தபோதும், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியை 2018 செப்டம்பர் 6 அன்று தளர்த்தியபோதும் அந்தக் கொள்கைகள் தீர்ப்பில் இடம்பெற்றன. இத்தனைக்கும் 2016-இல் இந்த உரிமைகளுக்கென ஐ.நா. மனித உரிமை மன்றம் தனி நிபுணரை நியமித்த வாக்கெடுப்பில் இந்திய அரசு யார் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. அரசு தயங்கி நின்ற தூரத்தையும் நீதிமன்றங்கள் சேர்த்து நடந்திருக்கின்றன.

மதுரையும் சும்மா இருக்கவில்லை. கோபி சங்கர் தொடங்கிய சிருஷ்டி மதுரை என்ற அமைப்பு 2012 ஜூலையிலேயே இங்கே பேரணி நடத்தியது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் மதுரைத் தொகுதியில் திருநங்கை பாரதி கண்ணம்மா வேட்பாளராக நின்றார். அனுப்பானடியில் பிறந்த நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே 2019 ஏப்ரல் 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' திருநங்கையையும் சேர்த்ததுதான் என்று சொல்லி, பதிவுசெய்ய உத்தரவிட்டார் நீதிபதி. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பெற்றோர் சம்மதம் என்ற பெயரில் அறுவை சிகிச்சை செய்து 'சரிப்படுத்தும்' வழக்கத்துக்கும் அந்தத் தீர்ப்பே முட்டுக்கட்டை போட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அத்தகைய சிகிச்சை கூடாது என்று அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு அரசாணை வந்தது. பிரசவ அறையில் டாக்டர் அவசரப்படுத்தினால், "கொஞ்சம் பொறுங்க, அரசாணை இருக்கு" என்று சொல்லப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

தன்பாலினத் திருமணத்துக்கு மட்டும் கதவு இன்னும் திறக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று ஒதுங்கிவிட்டது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. ஆணை மணக்கும் திருநங்கைக்கும் பெண்ணை மணக்கும் திருநம்பிக்கும் இருக்கிற சட்டத்திலேயே திருமண உரிமை உண்டு என்பதை அந்த 2023 தீர்ப்பே உறுதிசெய்திருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறோம்; இறங்கும் இடத்துக்குத் தக்கபடி சட்டம் மாறிவிடும். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை சிங்கப்பூர் நீக்கிவிட்டது. இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் அதேபோன்ற 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. பெண்களின் உறவைக் குற்றமாக்குவது தவறு என்று ரோசானா ஃப்ளேமர்-கால்டெரா தொடுத்த முறையீட்டில் 2022-இல் ஐ.நா. குழு சொன்ன பிறகும் இதுதான் நிலை. மலேசியாவிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் தன்பாலின உறவு சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேலைக்குப் போகிறவர்கள் செல்போனில் உள்ள படம், அரட்டை, செயலி எல்லாவற்றையும் புறப்படும் முன்பே சுத்தம் செய்துவிடுவது உயிருக்குப் பாதுகாப்பு. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் தன்பாலினத் திருமணமே சட்டபூர்வம். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. ஆனால் அங்கே வாங்கிய தன்பாலினத் திருமணச் சான்றிதழை வைத்து இங்கே கணவன் மனைவி என்ற சட்ட உரிமை எதையும் கேட்க முடியாது.

உண்மையைச் சொன்னால், இங்கே பெரிய ஆபத்து சட்டத்திலிருந்து வருவதைவிட வீட்டுக்குள்ளிருந்தே அதிகம் வருகிறது. அறையில் பூட்டிவைப்பது, போனைப் பிடுங்குவது, அவசரக் கல்யாணம், மந்திரித்துக் கயிறு கட்டுவது, "மாத்திடலாம்" என்று வாக்குக் கொடுக்கும் டாக்டரிடம் இழுத்துப்போவது. கடைசியில் சொன்னது இன்று மருத்துவ ஒழுக்கக் கேடு. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் இதை எழுதியே அறிவித்துவிட்டது. அப்படி 'சிகிச்சை' தரும் டாக்டர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். மருந்துச் சீட்டும் பில்லும்தான் ஆதாரம். ஊர்ப் பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. மனம் தளர்ந்தவர்கள், பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் பெற்றோர்கள் என எல்லாரும் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பூட்டப்பட்டவரை மீட்க ஆட்கொணர்வு மனு இருக்கிறது; துணையே அதைப் போடலாம். 2025 மே மாதம் வேலூர் மாவட்டப் பெண் ஒருவர் விஷயத்தில் அதுதான் நடந்தது. மனுப் போட்ட பெண் தன்னைத் 'தோழி' என்று மட்டுமே எழுதியிருந்தார். தயக்கம் புரிகிறது என்றது சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு. அழைத்து வரப்பட்ட 25 வயதுப் பெண்ணோ தயங்கவில்லை. தான் தன்பாலீர்ப்பாளர் என்றும், வீட்டுக்குக் கட்டாயமாகக் கொண்டுபோய் அடித்தார்கள் என்றும், 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள் என்றும் நேரடியாகச் சொன்னார். அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று உத்தரவானது. திருமணம் செய்துதான் குடும்பம் ஆக வேண்டும் என்பதில்லை, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்று அமர்வு எழுதியது. முறையிடப்பட்டும் கண்டுகொள்ளாமல் இருந்த போலீசைக் கடிந்தும்கொண்டது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர்க்காரர்கள் இத்தகைய மனுவுக்கு மேலூர் சாலையில் இருக்கும் மதுரைக் கிளைக்கே போகலாம்.

இன்னொரு தொல்லை மிரட்டிப் பணம் பறிப்பது. டேட்டிங் செயலியில் பழகி, தனி இடத்துக்கு வரச்சொல்லி, படமெடுத்து, "வீட்டுக்குச் சொல்லிடுவேன், போலீசுக்குச் சொல்லிடுவேன்" என்பார்கள். போலீசுக்குச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. 2018-க்குப் பிறகு குற்றவாளி மிரட்டுபவன்தான். ஸ்கிரீன்ஷாட்டையும் யு.பி.ஐ. எண்ணையும் வைத்துக்கொண்டு உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். வருந்த வேண்டிய ஓர் ஓட்டையும் இருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு ஈடான பிரிவே இல்லை. ஆண்மீது நடக்கும் பாலியல் வன்முறையைப் பாலியல் வன்புணர்வு என்று வழக்குப்போட வழியில்லாமல் போய்விட்டது. திருநங்கையருக்கு எதிரான பாலியல் கொடுமைக்கு 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது வைத்த அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுதான். இது அநியாயம். அதற்காகப் புகார் கொடுக்காமல் விட்டுவிடக் கூடாது; காயம், கடத்தல், மிரட்டல் ஆகிய பிரிவுகள் யாருக்கும் பொதுவானவை.

சேர்ந்து வாழ்பவர்கள் சில காகிதங்களை இப்போதே தயார் செய்துகொள்ளலாம். கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவோ, துணையை நாமினியாகப் போடவோ தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. கிளை மேலாளர் முகம் சுளித்தால் அந்தத் தேதியைச் சொல்லலாம். ரேஷன் அட்டையில் இருவரையும் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு ஆகிவிட மாட்டார். துணைக்கே சொத்து சேர வேண்டுமென்றால் உயில் எழுதியாக வேண்டும். சொத்து பெறுபவர் அல்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். பதிவு கட்டாயமில்லைதான், ஆனால் பிறகு அண்ணன் தம்பிகள் வந்து நிற்கும் வாய்ப்பு இருக்கும் இடத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பதே பாதுகாப்பு.