காயமுற்ற கோழியைக் காத்தல்

தறி ஓயும் நாட்களில், முட்டை விற்ற சிறுவாட்டுப் பணமே பல நெசவாளர் இல்லங்களில் உப்புக்கும் மிளகாய்க்கும் உதவுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின், பருந்தோ கீரியோ தாக்கிய கோழியைப் பிழையாதென்று உடனே அறுத்துவிடுதல் அவசரச் செயலாகும்.

முதற்கண் அதனைத் தனிப் பஞ்சாரத்தில் அடைத்தல் வேண்டும். இரத்தம் கண்டால் பிற கோழிகள் காயத்தையே கொத்தும். அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் காயத்தைக் கழுவுக. கதகதப்பான இடமும், அருகே குடிநீரும் தேவை. நீரை அலகில் வலிந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் புகும்.

ஈ முட்டையிட்ட காயத்தில் ஒரே நாளில் புழு தோன்றலாம். காலையும் மாலையும் பார்த்து வருக. புழுவோ எலும்பு முறிவோ காணின், தாமதியாது கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் செல்க. காயம் ஆறியபின், அந்திவேளையில் மற்றவற்றோடு சேர்த்து அடைக்கலாம்.